ரோட்டுக்கு உள்பாவாடை

இரவு பத்தரைக்கு மேல்
மஞ்சக்குப்பம் வளைவில் வண்டிகளை நிறுத்தினோம்.
கரும்பு லாரி போகிற பாதை.
இதற்கு முன் மூன்று தடவை புதுத்தார் போட்டாயிற்றாம்.
மூன்று தடவையும் இரண்டு மழைக்குள்
அதே இடத்தில் அதே கோணலில்
அடியிலிருந்த கீறல் மேலேறி வந்து
எட்டிப் பார்த்திருக்கிறது.

என் கையில் ஒரு வெப்பமானி.
கலவை நூற்றறுபதைத் தாண்டினால் கத்த வேண்டும்,
துணி உருகிவிடும்.

துணி என்றுதான் சொல்கிறோம்,
பில்லில் நீளமாய் வேறு பெயர்.
நாலு மீட்டர் அகலச் சுருள்,
வெள்ளையுமில்லை சாம்பலுமில்லை,
ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் பூனைமயிர்.
அஞ்சலாட்சி தடவிப் பார்த்துவிட்டு
"ரோட்டுக்கு உள்பாவாடையா?" என்றாள்.
அன்றிரவு முழுக்க அதுதான் பெயர்.
ஒப்பந்தக்காரர் மகன்கூட
"உள்பாவாடை இன்னும் எத்தனை சுருள் இருக்கு?"
என்று கேட்டுவிட்டு
ஜெனரேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெந்த தாரைத் தெளித்தோம்.
குறைந்தால் துணிக்குத் தாகம் தீராது.
கூடினால் மேலே கசிந்து செருப்பைப் பிடிக்கும்.
தனியாக அதற்கு ஒரு பலமும் இல்லை,
குடித்துக் குடித்து, துணி என்பதே மறந்து,
தண்ணீர் இறங்காத தோலாக வேண்டும்.

பூனைமயிர் கீழே.
ஹடிபந்து உருட்டிக்கொண்டே போக
துடைப்பத்தோடு நாங்கள் பின்னால்.
சுருக்கம் விழுந்தால் அறு,
ஒன்றன்மேல் ஒன்று படியவை, தார் பூசு, தேய்.
வளைவில் துணி சொல்பேச்சுக் கேட்கவில்லை.
"கைக்குழி வெட்டுற மாதிரிதானே"
அஞ்சலாட்சி பிளேடைப் பிடுங்கிக்கொண்டாள்.
அவள் போட்ட வெட்டுகள்
என் நாலு வருடப் படிப்பில் எங்குமில்லை.

ஒன்றே முக்காலுக்கு
துறைமுகத்திலிருந்து ஒரு மீன்வண்டி
தடுப்பை இடித்துத் துணிமேல் ஏறியது.
பயந்துபோய் அங்கேயே ஸ்டியரிங்கை ஒடித்தான்.
டயரோடு சுருண்டு போனது ஒரு முழம்.
ஐஸ் தண்ணீர் வேறு சொட்டியது.
நாலு பேர் மூன்று மொழியில் திட்டினார்கள்.
அவன் ஒரு கூடை சங்கராவை
ஓரமாய் இறக்கி வைத்துவிட்டு
பின்னாலேயே ஊர்ந்து போனான்.

கிழிசலைத் தூக்கினேன்.
அடியில் கீறல்.
சுண்டுவிரல் முழுசாய் உள்ளே போயிற்று,
அங்கே இன்னும் போன மழையின் ஈரம்.
பெரிய கீறல்களை முதலில் அடைத்தாக வேண்டும்.
அடைத்தாயிற்று என்று தாளில் இருந்தது.
கையெழுத்தும் இருந்தது. என்னுடையது.
சாயங்காலம், டீ வந்த நேரத்தில்,
பார்க்காமல் போட்டது.

யாரிடமும் சொல்லவில்லை.
"இன்னும் ஒரு டின் பசை எடுங்க" என்றேன்.
ஹடிபந்து என்னைப் பார்த்தான்,
கீறலைப் பார்த்தான்,
இரண்டு டின் கொண்டுவந்தான்.
துடைத்து, காயவைத்து, அடைத்து,
மேலே ஒட்டுத்துணி.
மூன்றரைக்குத்தான் கலவை இறங்கியது.
நூற்று நாற்பத்தெட்டு. கத்தவில்லை.
உருளை போய்ப்போய் வர
ரோடு ஒன்றுமே நடக்காததுபோல் கிடந்தது.
மீனைப் பங்கு போடும்போது
என் பங்கை வாங்காமல் வந்தேன்.

பதினாலு மாதம்.
கேபிள்காரர்கள் அதே வளைவில்
குறுக்கே வெட்டியிருந்தார்கள்.
ஸ்கூட்டியை நிறுத்திக் குழிக்குள் எட்டிப் பார்த்தேன்.
மேலே எங்கள் தார், மூன்று விரல்கடை.
நடுவில் நூல் பிடித்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு.
கீழே அடைக்காத சின்னக் கீறல் ஒன்று
கோடுவரை ஏறி வந்து,
இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்
வழி தேடிவிட்டு
நின்றிருந்தது.

"என்னக்கா பாக்குறீங்க?" என்றான் குழிக்குள் நின்றவன்.
பதிலுக்குக் காத்திராமல் நிமிர்ந்து
முதுகைப் பிடித்துக்கொண்டான்.
"உள்ள என்னத்தையோ போட்டிருக்கானுவ,
கடப்பாரையை விடவே மாட்டேங்குது."